பழங்கதையின் பூட்டிய அறை
அஞ்செலா காட்டரின் ‘குருதி அறை’ என்னும் சிறுகதைத் தொகுதி பற்றிய ஒரு நோக்கு

குழந்தைகளுக்குச் சொல்லப்படும் கதைகள் எளியவை, இனியவை, தீங்கற்றவை என்பது பொதுவாக நிலவும் எண்ணம். ஆசிரியராகிய நாமும் அவ்வெண்ணத்துடனேயே அக்கதைகளை வகுப்பறைக்குள் எடுத்துச் செல்கின்றோம். கதையைச் சொல்லி முடித்ததும் “இதனால் நாம் அறியும் நீதி யாது?” என்று வினவுகின்றோம், மாணாக்கர் கூறும் விடையைக் கரும்பலகையில் எழுதுகின்றோம், அத்துடன் கடமை முடிந்தது என்று அமைகின்றோம். அங்ஙனம் எழுதப்படும் நீதி உண்மையில் அக்கதையினின்று பிறப்பதுதானா, அன்றி யாரோ ஒருவர் பிற்காலத்தில் அதன் தலையிற் கட்டிவிட்டதா என்பதை நாம் பெரும்பாலும் ஆராய்வதில்லை. அவ்வாறு ஆராயும்படி நம்மை வற்புறுத்தும் நூலொன்றைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுகின்றேன். அது 1979ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்த, அஞ்செலா காட்டர் என்னும் ஆங்கில எழுத்தாளரின் ‘குருதி அறை’ என்ற சிறுகதைத் தொகுதியாகும்.

நூலுக்குள் நுழையுமுன் அதன் மூலக்கதைகளின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் இன்றியமையாதது. நீலத்தாடி, செந்தொப்பிச் சிறுமி, சப்பாத்தணிந்த பூனை முதலிய கதைகளுக்கு இலக்கிய வடிவம் கொடுத்தவர் சார்ள்ஸ் பெரோ என்னும் பிரெஞ்சு அறிஞர். அவருடைய எட்டுக் கதைகளடங்கிய உரைநடைத் தொகுதி 1697இல் வெளிவந்தது. பதினான்காம் லூயி மன்னன் காலத்து மேன்மக்கள் குழாத்தில் வாழ்ந்த பெரோ, நாட்டுப்புறத்தார் வாய்மொழியாக வழங்கிய கதைகளை அக்குழாத்தினர் சுவைக்கும் வண்ணம் செப்பஞ் செய்து, ஒவ்வொன்றின் ஈற்றிலும் செய்யுள் வடிவில் ஒரு நீதியையும் சேர்த்தார். ‘அழகியும் விலங்கும்’ என்ற கதையை 1740இல் வில்னோவ் அம்மையார் நீண்ட கதையாக எழுதினார். அதனைச் சுருக்கி, இளம் பெண்களின் கல்விக்குரியதாக 1756இல் வெளியிட்டவர் பொமோன் அம்மையார். ஜேர்மன் நாட்டிற் கிரிம் சகோதரர் தம் தொகுதியின் முதற் பாகத்தை 1812இல் வெளியிட்டு, 1857 வரை பதிப்புத்தோறும் திருத்தி வந்தனர்.

அத்திருத்தங்களுள் ஒன்று நம் கவனத்துக்குரியது. பனிவெண்மகள் கதையின் 1812ஆம் ஆண்டுப் பதிப்பில், அழகின்மீது கொண்ட பொறாமையாற் சிறுமியைக் கொல்ல முயல்பவள் அவளைப் பெற்ற தாயே. 1819ஆம் ஆண்டுப் பதிப்பிலே அவள் மாற்றாந்தாயாக மாறிவிட்டாள். பெற்ற தாயின் கொடுமையைக் குழந்தைகளுக்குச் சொல்லக் கூசிய மனமே இம்மாற்றத்தைச் செய்தது எனலாம். பெரோவின் செந்தொப்பிச் சிறுமியை ஓநாய் விழுங்கிவிடுகின்றது. கதை அவ்வளவில் முடிகின்றது. வேடன் வந்து வயிற்றைக் கீறி அவளை மீட்பது கிரிம் சகோதரரின் தொகுதியிலேதான். ஆகவே, இக்கதைகளிற் காணப்படும் இருள் இக்கால எழுத்தாளர் எவரும் புதிதாகப் பூசியதன்று. அது முன்னரே அங்கிருந்தது. நல்லெண்ணமுடையோர் அதன்மீது வெள்ளையடித்தனர். காட்டர் அம்மையார் செய்த வேலை அவ்வெள்ளையைச் சுரண்டிப் பார்த்ததே.

அம்மையார் 1940இல் இங்கிலாந்தின் ஈஸ்ற்போண் நகரிற் பிறந்தவர், பிறிஸ்ரல் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் பயின்றவர், சில காலம் யப்பானில் வாழ்ந்தவர், 1992இல் மறைந்தவர். பெரோவின் கதைகளை அவர் பிரெஞ்சு மொழியிலிருந்து பெயர்த்த நூல் 1977இல் வெளிவந்தது. மொழிபெயர்ப்பாளன் மூலநூலின் ஒவ்வொரு சொல்லையும் கையாலெடுத்து நிறுத்துப் பார்ப்பவன். அங்ஙனம் நிறுத்துப் பார்த்தபோது அக்கதைகளுள் உறைந்து கிடந்தவற்றை அவர் கண்டிருத்தல் வேண்டும். பழங்கதைகளுக்கு வளர்ந்தோருக்குரிய மறுபதிப்புச் செய்வது தம் நோக்கமன்று என்றும், அவற்றினுள்ளே மறைந்துள்ள பொருளை வெளிக்கொணர்தலே தம் நோக்கம் என்றும் அவரே பிற்காலத்திற் கூறியுள்ளார். இக்கூற்றை உரைகல்லாகக் கொண்டு அவர் நூலை மதிப்பிடுதல் முறையாகும்.

தொகுதியில் உள்ள கதைகள் பத்து. அவற்றுள் மிக நீண்டதும் நூலுக்குப் பெயர் தந்ததும் நீலத்தாடிக் கதையின் மறுவடிவமாகிய முதற் கதையே. பெரோவின் கதை நாமறிந்தது. செல்வனொருவன் தன் இளமனைவியிடம் திறப்புக் கோவையைக் கொடுத்து, ஓர் அறையை மட்டும் திறவாதே என்று கூறிப் பயணம் போகின்றான். அவள் திறக்கின்றாள், முன்னைய மனைவியரின் உடல்களைக் காண்கின்றாள், திறப்பிற் படிந்த குருதிக்கறை அழிய மறுக்கின்றது. திரும்பி வந்தவன் அவளைக் கொல்ல வாளோங்கும் வேளையில் அவளுடைய சகோதரர் இருவர் வந்து அவனைக் கொல்கின்றனர். இக்கதைக்குப் பெரோ எழுதிய முதல் நீதி, பெண்களின் அறியும் ஆவல் துன்பத்தையே விளைக்கும் என்பது. இரண்டாவது நீதியொன்றும் உண்டு: இக்காலத்துக் கணவர் அத்துணைக் கொடியரல்லர் என்பது. பல கொலைகள் நிகழ்ந்த வீட்டிலே கொலைஞனைப் பற்றி ஒரு நீதியும் இல்லை. கதவைத் திறந்தவளைப் பற்றியே நீதி சொல்லப்படுகின்றது.

இவ்விடத்தில் என் அநுபவமொன்றைக் கூறுதல் பொருந்தும். பல்லாண்டுகளுக்கு முன் நான் கற்பித்த ஒரு கலவன் பாடசாலையில், எட்டாந் தர வகுப்பிலே இக்கதையைச் சொல்லி, ‘கீழ்ப்படியாமை கேட்டைத் தரும்’ என்று கரும்பலகையில் எழுதினேன். பின்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து, “சேர், அவள் திறவாமல் விட்டிருந்தால் உள்ளே கிடந்தவர்களைப் பற்றி ஆருக்குத் தெரிய வந்திருக்கும்?” என்று கேட்டாள். வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்து, “இரும் பிள்ளை, பாடத்தைக் குழப்பாதையும்” என்றேன். அவள் இருந்துவிட்டாள். அதன்பின் அவ்வாண்டு முழுவதும் அவள் எந்த வினாவும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. காட்டரின் கதையைப் படித்தபோது அம்மாணவியின் வினாவே எனக்கு நினைவுக்கு வந்தது.

ஏனெனில், காட்டரின் கதையும் அவ்வினாவிலிருந்தே பிறக்கின்றது. அவருடைய கதைத் தலைவி பதினேழு வயதுப் பியானோ மாணவி. வறுமையினின்று செல்வத்துக்குள் மணமுடித்துச் செல்பவள். காலம் தொலைபேசியும் புகையிரதமும் வந்துவிட்ட காலம். கணவன் ஒரு மார்க்கி. அவன் மாளிகை பிரித்தானிக் கடற்கரையில், கடல் பெருகும்போது நிலத்தினின்று துண்டிக்கப்படும் பாறைமீது நிற்பது. மணப்பரிசாக அவன் தந்த சிவப்புமணிக் கழுத்தணி, அறுபட்ட கழுத்தின் கோடுபோலத் தோன்றுகின்றது. கதையைச் சொல்பவள் அப்பெண்ணே. பெரோவின் கதையில் அவளைப் பற்றிப் பிறர் பேசினர். இங்கே அவளே பேசுகின்றாள். இந்த ஒரு மாற்றத்தால் முழுக் கதையும் நிலைமாறிவிடுகின்றது. தன் ஆவலையும் அச்சத்தையும் மட்டுமன்றி, செல்வத்தின்பாலும் அம்மனிதன்பாலும் தான் கொண்ட கவர்ச்சியையும் அவள் மறையாது கூறுகின்றாள். அவள் குற்றமற்ற பாவையுமல்லள். நீதிக்கதைக்காரர் பழித்த பேதையுமல்லள். அறைக்குள் கண்டதை அறிந்தபின், தன்னை வாங்கியவன் யார் என்பதோடு தான் எதற்கு உடன்பட்டாள் என்பதையும் அறிகின்றாள். அறிதலே அவளுக்குத் தண்டனையாகவும் விடுதலையாகவும் அமைகின்றது.

அவளை மீட்பவர் சகோதரரல்லர், தாய். இந்தோசீனாவில் ஊரை நடுங்க வைத்த புலியைச் சுட்டு வீழ்த்தியவள் அத்தாய் என்று கதையின் தொடக்கத்திலேயே சொல்லப்படுகின்றது. தொலைபேசியில் மகள் காரணமின்றி அழுததைக் கேட்டமாத்திரத்தே, இறந்த கணவனின் கைத்துப்பாக்கியோடு புறப்பட்டு, பெருகிவரும் கடலினூடே குதிரைமீதேறி வந்து மார்க்கியைச் சுட்டு வீழ்த்துகின்றாள். பழங்கதைகளில் நல்ல தாய் பெரும்பாலும் கதை தொடங்குமுன்னே இறந்துவிடுபவள், உயிரோடிருப்பவள் மாற்றாந்தாயே. கிரிம் சகோதரர் பெற்ற தாயைத் தம் கதையினின்று வெளியேற்றியதை மேலே கண்டோம். வெளியேற்றப்பட்ட அத்தாயைக் காட்டர் குதிரையேற்றித் திரும்ப அழைத்து வந்தார் என்று சொல்லலாம். முடிவிலும் ஒரு நுட்பம் உண்டு. கணவனின் செல்வத்தைப் பெரும்பாலும் அறங்களுக்கு ஈந்துவிட்டு, மாளிகையைப் பார்வையற்றோர் பாடசாலையாக்கி, பார்வையற்ற பியானோச் சுருதி சேர்ப்பவனோடும் தாயோடும் அப்பெண் வாழ்கின்றாள். ஆயினும் திறப்பின் கறை அவள் நெற்றியிற் பதிந்தது அழியவில்லை. அதைத் தன் துணைவன் காணமுடியாதென்பது அவளுக்கு ஆறுதல். பெரோவின் கதையில் தண்டனைக்குரிய சான்றாக இருந்த கறை, இங்கே ஒரு மனிதவுயிரின் நாணமாக மாறிவிடுகின்றது. இஃது உயர்ந்த கலைத்திறன்.

நூலின் அமைப்பிலும் ஓர் ஒழுங்கு உண்டு. ‘அழகியும் விலங்கும்’ கதையை அம்மையார் இருமுறை எழுதியுள்ளார். முதல் வடிவத்திற் பொமோன் அம்மையார் காட்டிய வழியே செல்கின்றார்: தந்தை பறித்த வெண்ரோசாவுக்கு ஈடாக மகள் செல்கின்றாள், அவள் அன்பினால் விலங்கு மனிதனாகின்றது. அடுத்த கதையாகிய ‘புலியின் மணமகள்’ இதனைத் தலைகீழாக்குகின்றது. அங்கே தந்தை சூதாடி மகளைத் தோற்கின்றான். மனித முகமூடி அணிந்து வாழும் புலியோடு நெருங்கிப் பழகிய அப்பெண், தன்னைப் பண்டமாக வைத்தாடிய மனிதரினும் அவ்விலங்கே தன்னை உயிராக மதித்தது என உணர்கின்றாள். இறுதியிற் புலி மனிதனாகவில்லை; அதன் நாக்குத் தீண்ட, அவள் தோல் உரிந்து உள்ளேயிருந்து புலியின் மயிர் வெளிப்படுகின்றது. ஒரே கதைக்கு இரண்டு முடிபு. எது சரி என்று ஆசிரியர் கூறாது விடுகின்றார். ஒரு பழங்கதைக்கு ஒரு நீதியே உண்டென்ற நம் வகுப்பறை வழக்கத்தை இவ்விரு கதைகளும் பக்கத்துப் பக்கம் நின்று மறுக்கின்றன.

தொகுதியின் ஈற்றிலுள்ள மூன்று கதைகளும் ஓநாய் பற்றியவை. அவற்றுள் முதலாவது மிகச் சிறியது. ஆயினும் என் மனத்தை மிகவும் உறுத்தியது அதுவே. பாட்டியைப் பார்க்கச் செல்லும் சிறுமி, வழியில் தன்னைத் தாக்கிய ஓநாயின் பாதத்தைத் தந்தையின் கத்தியால் வெட்டுகின்றாள். பாட்டியின் வீட்டை அடைந்தபோது அப்பாதம் முதியவளின் கையாக மாறியிருக்கின்றது. பாட்டியோ கையிழந்து காய்ச்சலிற் கிடக்கின்றாள். சிறுமி கூவியழைக்க, அயலார் வந்து கிழவியைச் சூனியக்காரியென்று கல்லெறிந்து கொல்கின்றனர். பின்னர்ச் சிறுமி அவ்வீட்டிலேயே வளமாக வாழ்கின்றாள். இக்கடைசிச் செய்தியைப் படித்ததும் நாம் திடுக்கிடுகின்றோம். பாட்டி மெய்யாகவே ஓநாயா? அன்றி ஒரு வீட்டுக்காக ஒரு முதியவள் பலியிடப்பட்டாளா? ஐரோப்பாவிற் சூனியக்காரியர் என்று எத்தனையோ முதிய பெண்கள் கொல்லப்பட்ட வரலாற்றை அறிந்தோருக்கு இவ்வினா வெறும் கற்பனையன்று. பெண்களை ஆடவரால் துன்புறுவோராக மட்டுமே காட்டும் எளிய வழியை அம்மையார் மேற்கொள்ளவில்லை என்பதற்கு இக்கதை நல்ல சான்று.

அடுத்த ஓநாய்க் கதையில் வரும் சிறுமி, ஓநாயின் பற்களைக் கண்டு அஞ்சாமற் சிரித்துவிடுகின்றாள். கதை முடியும்போது பாட்டியின் கட்டிலில் ஓநாயின் அணைப்பில் அமைதியாக உறங்குகின்றாள். இக்கதை 1980இல் வானொலி நாடகமாகவும், நீல் ஜோர்டனின் நெறியாள்கையில் 1984இல் திரைப்படமாகவும் வந்து பெரும் புகழ் பெற்றது. அச்சத்தை வென்றோர்க்கு ஓநாயும் அடங்கும் என்ற கருத்து அழகியதே. ஆயினும் அம்முடிவு என்னை முழுதும் அமைதிப்படுத்தவில்லை. அதே கட்டிலின் கீழே பாட்டியின் எலும்புகள் கிடக்கின்றன. உண்ணப்பட்ட முதியவளை மறந்துதான் இளையவள் உறங்கவேண்டுமா? நீலத்தாடிக் கதையில், கொல்லப்பட்ட மனைவியரை மறவாத ஆசிரியர் ஈண்டு மறந்துவிட்டாரோ என்ற ஐயம் எழாமலில்லை.

இவ்வையத்தை வேறு வகையில் எழுப்பியவர் பற்றீசியா டங்கர் என்னும் திறனாய்வாளர். 1984இல் வெளிவந்த கட்டுரையில், பழங்கதையின் சட்டகத்தை ஏற்றுக்கொண்டவுடனேயே அதிலுள்ள பழைய ஆண் பெண் உறவுமுறையையும் காட்டர் ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று அவர் வாதிட்டார். இவ்வாதத்தில் உண்மை உண்டு. ‘பனிக்குழந்தை’ என்ற ஓரிரு பக்கக் கதையிற் பிரபுவின் விருப்பத்தாற் பிறக்கும் சிறுமிக்குப் பேச்சுமில்லை, பெயருமில்லை. அவள் பிறந்து, கொடுமைக்குள்ளாகி, உருகி மறைகின்றாள். ஆடவன் ஒருவனின் கற்பனையினாலான பெண்ணுக்கு வேறு கதி இல்லை என்று காட்டவே அக்கதை எழுதப்பட்டதென நான் கருதுகின்றேன். எனினும் காட்டுதற்கும் கண்டித்தற்கும் இடையே கோடு மெல்லியது. டங்கர் அம்மையாரின் கூற்று இக்கதைக்கும், ஒருவேளை மேற்கூறிய ஓநாய்க் கதைக்கும் பொருந்தும். தாய் வந்து மீட்கும் முதற் கதைக்கும், ‘புலியின் மணமகள்’ கதைக்கும் அது பொருந்தாது. அங்கே சட்டகமே உடைந்துவிடுகின்றது.

நடை பற்றியும் ஒரு சொல். அம்மையாரின் உரைநடை அணிகளால் நிறைந்தது. மணிகளும் மலர்களும் நறும்புகையும் ஆடிகளும் வாக்கியந்தோறும் குவிகின்றன. முதற் கதையில் இந்நிறைவு பொருளோடு இயைந்தது. செல்வத்தில் மூச்சுத் திணறும் பெண்ணின் நிலையை அதுவே நமக்குணர்த்துகின்றது. காட்டகத்தே பெண்களைப் பறவைகளாக்கிக் கூட்டிலடைக்கும் எர்ல் அரசன் கதையிலோ, வருணனை கதையை விழுங்கிவிடுகின்றது. இதற்கு மாறாகச் சப்பாத்தணிந்த பூனையின் கதை முழுதும் நகைச்சுவை. பூனையே குறும்பாகப் பேசிச் செல்லும் அக்கதை, இருள் சூழ்ந்த மாளிகைக்குள் திறந்த யன்னல் போன்றது.

பழங்கதையை இங்ஙனம் மறுபடி எழுதுதல் நம் இலக்கியத்துக்கும் புதியதன்று. புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’ 1943இல் வெளிவந்தது. இராமன் பாதத்தூளி பட்டுப் பெண்ணான அகலிகை, சீதை தீக்குளித்த செய்தியைக் கேட்டு மீண்டும் கல்லாகிவிடுகின்றாள். காட்டருக்கு முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்னரே, தண்டிக்கப்பட்டவளின் பக்கம் நின்று ஒரு தமிழ் எழுத்தாளர் பழங்கதையை வினவினார். இருவர்க்கும் வேறுபாடும் உண்டு. புதுமைப்பித்தனின் அகலிகைக்குக் கல்லாதலே எஞ்சிய எதிர்ப்பு. காட்டரின் பெண்களோ கல்லாவதில்லை, புலியாகின்றனர். அன்று ‘சாபவிமோசனம்’ கதைக்கு எழுந்த கண்டனங்களை அறிந்தோர், பழங்கதையின்மீது கை வைப்பவர் எதை எதிர்நோக்கவேண்டும் என்பதையும் அறிவர்.

இந்நூலை மாணாக்கர் கையிற் கொடுக்கலாமா என்ற வினா எழும். கீழ் வகுப்புகளுக்கு இது உரியதன்று. இதிற் காமமும் கொடுமையும் மறைவின்றி வருகின்றன. உயர்தர வகுப்பில் இலக்கியம் பயில்வோர்க்கு, ஆசிரியரின் வழிகாட்டலுடன், முதற் கதையையும் விலங்குக் கதைகள் இரண்டையும் பெரோ, பொமோன் ஆகியோரின் மூலங்களோடு ஒப்பிட்டுக் கற்பிக்கலாம் என்பது என் கருத்து. ஆனால் மாணாக்கரைவிட முதலிற் படிக்கவேண்டியவர் ஆசிரியரே. கதையின் ஈற்றில் நீதி எழுதும் கை நம்முடையது. கொலைஞனை விட்டுவிட்டுக் கதவைத் திறந்தவளைக் கண்டிக்கும் நீதியை நாம் எத்தனை தலைமுறைப் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்திருக்கின்றோம் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பத்துக் கதைகளுள் நான்கு நிலைத்து நிற்கும். இரண்டு சொல்லழகிற் கரைந்துபோகும். எஞ்சியவை படித்தோர் மனத்தை நெடுநாள் உறுத்திக்கொண்டிருக்கும். ஒரு தொகுதிக்கு இது குறைந்த பேறன்று. அன்று பின்வரிசையில் எழுந்து நின்ற மாணவிக்கு நான் விடை கூறவில்லை. இன்று அவள் எங்கிருக்கின்றாள் என்பதறியேன். இக்கட்டுரை அவள் கண்ணிற் படுமாயின், அவள் கேட்டது பாடத்தைக் குழப்பிய கேள்வியன்று, அதுவே பாடம் என்று காலங்கடந்தேனும் சொல்லிக்கொள்கின்றேன்.